குயிலுக்குள் ஊசி

உடைந்த ஊசி வளராது. இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். பதினாறு வருஷம் ஊசி ஸ்டோரில் உட்கார்ந்து, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியவள் சொல்கிறேன், வேண்டும்தான். நானே ஒருநாள் அது தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், மேனேஜரையே எதிர்த்துப் பேசுவேன் என்றெல்லாம் கம்பெனியில் பெயர் உண்டு. பயந்தது ஒரே ஒரு தடவை. அந்தப் பயத்தில் என்னோடு கூட நின்றவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவளை நாங்கள் லெஃப்ட்டு என்போம். சின்னவர்களுக்கு லெஃப்டக்கா. இடது கையால் தைப்பாள், அதனால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையை நாடாவால் பெஞ்சோடு கட்டிப்போட்டு வலது கையால் எழுத வைத்தார்களாம். "எழுத்து அந்தக் கைக்குப் போயிடுச்சு, ஊசி மட்டும் இதுகிட்டயே தங்கிடுச்சுக்கா" என்று இடது கையைத் தூக்கிக் காட்டுவாள். இடது கைக்காரர்களின் தையல் மற்றவர்கள் தையலுக்கு எதிர்ப்பக்கம் சாயும். நூறு போர்வையைக் குவித்துப் போட்டாலும் அவள் தைத்ததை நான் தனியே எடுத்துவிடுவேன். கல்யாணமாகிப் போன வீட்டில் மாமியார் அவள் தைத்த தலையணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தையல் ஒரு பக்கமா சாயுதே என்றாராம். "சாஞ்சா தலை உருண்டுடுமா அத்தை?" என்று இவள் கேட்டாளாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தையலைப் பற்றி யாரும் பேசவில்லை.

புருஷன் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர், வாயில்லாப் பூச்சி. பதினோரு வருஷம் பிள்ளை இல்லை. அந்தப் பதினோரு வருஷமும் இவள் தைத்தது தொட்டில் போர்வை. யாராவது நாக்கில் நரம்பில்லாமல் அதைச் சொல்லிக்காட்டினால், "நான் பாக்காத தொட்டிலா, வருஷத்துக்கு அம்பது தொட்டிலுக்குப் போர்வை போடறேன்" என்பாள். பிறகு அன்று முழுக்க வாயைத் திறக்கமாட்டாள். பன்னிரண்டாவது வருஷம் ஒரு பெண் பிறந்தது. ஆறாவது மாதமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். கீழ்த்தளத்தில் கம்பெனியே குழந்தைகளுக்கு ஒரு அறை வைத்திருந்தது. இவள் பெண்ணுக்குக் கையில் எது கிடைத்தாலும் நேராக வாய்க்குத்தான் போகும். என் கண்ணாடியின் ஒரு காது இன்றைக்கும் வளைந்திருக்கிறது, அவள் கடித்ததுதான்.

நாங்கள் செய்தது என்ன என்று சொல்லவில்லையே. கையால் நெய்த மெல்லிய பருத்தித் துணி மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் பஞ்சு. மேல்துணியில் மரக்கட்டையால் கையாலேயே அச்சு. மூன்றையும் சேர்த்து, வரிவரியாக, அரிசி நீளத்துக்கு ஒரு தையல் என்று கையாலேயே ஓட்ட வேண்டும். ஆபீசில் அதற்கு குயில்ட் என்று பெயர். தையல் ஹாலில் அந்த 'ட்' என்றைக்கோ உதிர்ந்துவிட்டது. "உன் குயில் முடிஞ்சுதா?" "இன்னும் வால் வரல." "என் குயிலை மேனேஜர் திருப்பி அனுப்பிட்டார், சரியா கூவலையாம்." நாள் முழுக்க இப்படித்தான் ஓடும்.

குயில்கள் எல்லாம் ஐரோப்பாவுக்குப் போயின. முதல் வருஷம் நாங்கள் அனுப்பியவற்றில் சிவப்பும் மஞ்சளும் மாம்பழ வடிவமும் கண்ணைப் பறித்தன. அங்கிருந்து வந்த டிசைன்காரம்மா அவற்றைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ரொம்ப அழகு, ஆனால் குழந்தை தூங்க வேண்டுமே என்றாராம். அதற்குப் பிறகு சாம்பல் நிறம், வெளுத்த நீலம், மணல் நிறம். சிவப்பு ஓரத்தில் ஒரே ஒரு கோடாக ஒடுங்கியது. வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டுப் படங்களை அனுப்புவார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை அலமாரி, வழவழப்பான மரத்தரை, பெரிய ஜன்னல். ஆஸ்பத்திரியில் குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றும். அந்த வெள்ளைக்கு நடுவில் கை பட்ட பொருள் ஒன்றாவது வேண்டும் என்றுதான் எங்களிடம் வாங்கினார்கள்.

கை பட்டது என்பதற்கு அத்தாட்சியாக ஒவ்வொரு போர்வையோடும் ஒரு அட்டை போகும். தைத்தவளின் படமும், இரண்டு வரியும். லெஃப்ட்டைப் படம் எடுக்க வந்தவர், ஊசியை வலது கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். இவள் அப்படியே பிடித்தாள். "அந்த ஊருக்குப் போறது நான் இல்லக்கா, என் தங்கச்சி" என்று அதைப் பற்றி ஒரு வாரம் சிரித்தாள்.

இனி ஊசி விஷயம். தொட்டிலுக்குப் போகிற பொருள் என்பதால் எங்கள் கம்பெனியில் ஊசிக்கு இருந்த மரியாதை மனுஷருக்குக் கிடையாது. காலையில் ஒருத்திக்கு ஒரு ஊசி, என்னிடம் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மாலையில் திருப்பித் தர வேண்டும். வீட்டிலிருந்து ஊசி கொண்டுவரக் கூடாது. உடைந்தால் இரண்டு துண்டோ மூன்று துண்டோ, எல்லாத் துண்டும் என் ஜன்னலுக்கு வந்தாக வேண்டும். ரெஜிஸ்டர் பக்கத்தில் ஊசி நீளத்துக்கு ஒரு கோடு அச்சடித்திருக்கும். துண்டுகளை அதன்மேல் சேர்த்து வைத்து, முழு நீளம் வருகிறதா பார்த்து, டேப் ஒட்டி, "துண்டுகள் முழுமை" என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். அப்போதுதான் புது ஊசி.

ஒரு துண்டு குறைந்தால் அந்த லாட்டில் இருக்கும் நாற்பது போர்வையையும் நிறுத்திவைத்துத் தேட வேண்டும். ஒரு தடவை அப்படி நடந்தது. மூன்று நாள் தேடினோம், கப்பல் போய்விட்டது, அந்த மாதம் இரண்டு தையல் மேஜைகளில் இருந்த அத்தனை பெண்களையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். ஊசியைத் தொலைத்தவளோடு அதற்குப் பிறகு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நானும்தான். அவளாகவே நின்றுவிட்டாள்.

அந்த நாள் லாரி வாசலில் நின்றது. மத்தியானம் செக்கிங் மேஜையிலிருந்து ஒரு குயில் திரும்பி வந்தது, வெளுத்த நீலம், ஒரு மூலையில் இரண்டு வரி தளர்ந்திருந்தது. லெஃப்ட்டு தைத்தது. அவளே எடுத்து அந்த மூலையை நெருக்கி நெருக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, உடைஞ்சுடுச்சு."

"எத்தனை?"

"ரெண்டுதான். இந்தாங்க."

உள்ளங்கையை நீட்டினாள். காதுப் பக்கம் ஒரு துண்டு, முனைப் பக்கம் ஒரு துண்டு. கோட்டின்மேல் வைத்தேன். இரண்டும் சேர்ந்து கோட்டைத் தாண்டி நின்றன. அரை அரிசி அளவு. சரியாக வைக்கவில்லையோ என்று நகர்த்தி வைத்தேன். ஸ்கேலை எடுத்து அளந்தேன். உடைந்த பிறகு அந்த ஊசி வளர்ந்திருந்தது.

அப்படியென்றால் அந்த முனை வேறொரு ஊசியின் முனை. சொந்த முனை எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். தலையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலில் உறுமிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் உதட்டில் வியர்வை. கீழே குழந்தைகள் அறையிலிருந்து ஏதோ பிள்ளை அழுதது, அவளுடையதா என்று தெரியவில்லை. எனக்கு அந்த இரண்டு மேஜைப் பெண்கள் ஞாபகம் வந்தார்கள். டேப்பை ஒட்டினேன். முழுமை என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். புது ஊசியை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். 

பாக்கிங்கில் ஒரு மெஷின் உண்டு, உள்ளே இரும்பு இருந்தால் கத்தும். ஆனால் அது வளையலுக்கும் கத்தும், ஜிப்புக்கும் கத்தும், சும்மாவும் கத்தும். தலைவலி தாங்காமல் மேனேஜர் அதன் காதைத் திருகி மந்தமாக்கி வைத்திருந்தார். அன்றைக்கு நாற்பது போர்வைகளும் அதற்குள் போய் வெளியே வந்தன. நான் பாக்கிங் வாசலில் நின்று கேட்டேன். கத்துமா கத்துமா என்று ஒவ்வொன்றையும் எண்ணினேன். கத்தவில்லை. லாரி கிளம்பிப் போனது.

அதற்குப் பிறகு நான்கு மாதம். டீ நேரத்தில் தினமும் என் ஜன்னலில் வந்து சாய்ந்து நிற்கிறவள், வருவதை நிறுத்திவிட்டாள். வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆபீசில் போன் அடித்தால் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். லெஃப்ட்டோ தான் தைத்து முடித்த ஒவ்வொரு போர்வையின் நாலு மூலையையும் கன்னத்தில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்க்க ஆரம்பித்தாள். "என்னக்கா, குயிலைக் கொஞ்சறீங்க?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவள் கன்னத்தில் எப்போதும் ஒரு சிவப்பு இருந்தது. அவள் இளைத்துப்போனாள். பால் கொடுக்கிற பிள்ளைக்காரி இளைக்கத்தான் செய்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாங்கியவர்கள் அனுப்பும் படங்களை ஆபீஸ் பெண் டீ மேஜைக்கு மேலே இருந்த பலகையில் குத்திவைப்பாள். ஒரு மத்தியானம் புதிதாக நாலைந்து படங்கள். நான் டீ வாங்கத் திரும்பியபோது லெஃப்ட்டு பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

வெள்ளை அறை. பெரிய ஜன்னலில் இலையில்லாத மரம். மரத்தொட்டிலில் வெளுத்த நீலப் போர்வை, அதன்மேல் குப்புறப்படுத்த ஒரு குழந்தை, எட்டு ஒன்பது மாதம் இருக்கும். தொட்டிலுக்கு மேலே சுவரில் சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். லெஃப்ட்டு. வலது கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குழந்தையின் தலைக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தாள். போர்வையின் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. நெருக்கித் தைத்த மூலை குழந்தையின் கைக்குள் இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் ஊசியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அவள் ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, அன்னைக்குக் குடுத்த முனை அந்த ஊசியோடது இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஊசி வளந்திருந்துச்சுடி."

 கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அப்போ நாலு மாசமா நீங்களும் தூங்கலையா" என்றாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த மூலையைத் தைக்கும்போது டிக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம். பத்து நிமிஷம் பிசைந்து பிசைந்து பார்த்தாளாம், பஞ்சுக்குள் அகப்படவில்லை. வீட்டு ஊசி ஒன்றை முந்தானையில் குத்தி வைத்திருந்தாள், அதன் முனையை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டாள். "எல்லாரும் என்னைப் பாத்துட்டே இருந்தாங்கக்கா. லாரி வேற கத்திட்டே இருந்துச்சு. தரையில விழுந்திருக்கும்னு நானே சொல்லிக்கிட்டேன். என் பொண்ணு என்னத்தையாவது வாயில வெக்கறப்ப எல்லாம் எனக்கு ஈரக்குலை நடுங்குது."

மறுநாள் இரண்டு பேரும் மேனேஜரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. கேட்டு முடிக்கும்வரை பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

"முனை அதுக்குள்ளதான் இருக்குன்னு பாத்தியா?"

"பாக்கல சார். ஆனா இருக்கு."

"நாலு மாசம் ஆச்சு. இருந்திருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும்ல?"

"எப்படித் தெரியும் சார்?" என்றாள் லெஃப்ட்டு.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நூத்தி இருபது பேரு இங்க. ஊசின்னு ஒரு வார்த்தை இந்த வாசலைத் தாண்டுச்சுன்னா, அந்த நாட்டுல ஒரு கடையும் நம்மளைத் தொடாது. நான் எழுதறேன். என் முறையில எழுதறேன். போர்வையைத் திருப்பி வாங்கிக்கறோம், புதுசு தரோம்னு எழுதறேன். போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தோம். ஒரு மூலையில் தையல் எங்கள் தரத்துக்கு இல்லை, மன்னிக்கவும், பழையதை அனுப்புங்கள், இதைவிட நல்லது ஒன்றை இலவசமாக அனுப்புகிறோம் என்று மரியாதையாக எழுதினார். ஊசி என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. ஆபீஸ் பெண் எங்களைக் கூப்பிட்டு முகமெல்லாம் சிரிப்பாகப் படித்துச் சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

"அவங்களுக்கு மாத்திக்க இஷ்டமில்லையாம் லெஃப்டக்கா. அந்த மூலையில தையல் வேற மாதிரி இருக்குன்னு அவங்களும் பாத்தாங்களாம். கையால செஞ்சா அப்படித்தான் இருக்கும், எங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்குங்கறாங்க. பாப்பாவுக்கும் அந்த மூலைதான் வேணுமாம், அதை வாயில வெச்சு சப்பினாத்தான் தூக்கமாம். இதுக்காக அந்த அம்மாவைத் திட்டிடாதீங்கன்னு போட்டிருக்காங்க. உங்க படத்துக்கு தினமும் காலைல கையாட்டுவாங்களாம். ஒரு தடவை உங்ககிட்ட பேசணுமாம், நம்பர் குடுத்திருக்காங்க பாருங்க."

லெஃப்ட்டு அந்த நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மேனேஜர் கதவோரமாக நின்று கேட்டுவிட்டு, "பாத்தியா, திட்டக் கூடாதாம். நாம கேட்டோம், அவங்க குடுக்கல. இனி நம்ம மேல தப்பில்ல. போய் வேலையைப் பாரும்மா" என்றார். எனக்குக் கேட்கவே கூசியது. ஆனாலும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பாடா என்று எனக்குள்ளும் இருந்தது. லெஃப்ட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

"சப்புதாம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஆபீஸ் பெண்ணிடம் சொல்லி எழுதச் சொல்லலாம் என்றேன். "அவ வேலையும் போகும். அந்தப் பொண்ணை இழுக்க வேணாம்" என்றாள். என் போனில் நாம் பேசினால் அவர்கள் பாஷையில் மாற்றித் தருகிற ஒன்று இருந்தது, என் மருமகன் போட்டுக் கொடுத்தது. ஸ்டோர் கதவைச் சாத்திக்கொண்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்து லெஃப்ட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் போர்வை தைச்சவ. பாப்பாவுக்கு ஊசி ஆபத்து. தயவுசெஞ்சு ஜாக்கிரதை. போர்வை வேணாம்."

போன் அதை ஏதேதோ எழுத்தாக்கி அனுப்பிவிட்டது. அரை மணி நேரத்தில் பதில். போன் அதைத் தமிழாக்கிக் காட்டியது. நான் படித்தேன். உங்கள் அக்கறைக்கு மிக்க நன்றி. கவலைப்பட வேண்டாம். குழந்தைக்குப் போன வாரம்தான் ஊசி போட்டோம். கொஞ்சம் காய்ச்சல் இருந்தது. உங்கள் போர்வை இருந்ததால் நன்றாகத் தூங்கினாள்.

இரண்டு தடவை படித்தேன். பிறகுதான் புரிந்தது. நமக்கு டாக்டர் போடுவதும் ஊசி, நாம் தைப்பதும் ஊசி. அந்தப் பாழாய்ப்போன போனுக்கு டாக்டர் ஊசிதான் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்மணி அங்கே எங்கள் மேல் அன்பு பெருகி உட்கார்ந்திருந்தார், குழந்தை மூலையைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன்.

"வேற வார்த்தை சொல்லிப் பாருடி. தையல் ஊசி, இரும்பு, குத்தும், ஏதாவது."

"வார்த்தை வேணாம்க்கா. போட்டு விடுங்க. மூஞ்சியப் பாத்துப் பேசற மாதிரி போடுங்க."

என்ன ஆகும் என்பதை அந்த இடத்திலேயே சொன்னேன். உன் வேலை போகும், என் வேலை போகும், ரெஜிஸ்டரில் என் கையெழுத்து இருக்கிறது, மற்றவர்கள் நம்மைத் தெருவில் பார்த்தால் காறித் துப்புவார்கள். அப்படியேதான் நடந்தது. அந்த வாரமே இருவரையும் அனுப்பினார்கள். லாட்டைத் திருப்பி எடுத்தார்கள், ஆறு மாதம் கம்பெனி தள்ளாடியது, தையல் ஹாலில் பாதிப் பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு லெஃப்ட்டு போனை என் பக்கம் நகர்த்தினாள். நான் நம்பரை அழுத்தினேன்.

மத்தியானம் மூன்று மணி. அங்கே காலை வெயில். அந்த வெள்ளை அறை என் போனுக்குள் வந்தது, பிறகு ஒரு பெண், முப்பது வயது இருக்கும், ஈரத்தலை. லெஃப்ட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். சுவரிலிருந்த படத்தைக் காட்டினார், இவளைக் காட்டினார், சிரித்தார். குனிந்து தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கினார். போர்வையும் கூடவே வந்தது. பிள்ளை மூலையை விடவில்லை. தாடையெல்லாம் எச்சில்.

"நீடில்" என்றேன் நான். "நோ பேபி. நீடில்." எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஊரில் அதற்கு என்ன பேரோ. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஏதோ அன்பாகச் சொன்னார்.

லெஃப்ட்டு மேஜையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துப் போனுக்கு நேராகப் பிடித்தாள். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தைத்துக் காட்டப் போகிறாள் என்று நினைத்துவிட்டார். பின்னால் திரும்பி யாரையோ கூப்பிட்டார், ஒரு ஆள் கையில் கோப்பையோடு வந்து நின்றார். இரண்டு பேரும் ஆர்வமாகப் பார்த்தார்கள். பிள்ளை சப்பிக்கொண்டே இருந்தது. 

லெஃப்ட்டு ஊசியை என் கட்டிங் பிளேயரில் கொடுத்து ஒடித்தாள். டிக். அந்தச் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும். முனையை விரல்நுனியில் வைத்துக் காட்டினாள். என் பின்னால் தொங்கிய சாம்பிள் போர்வையை இழுத்து, அதன் மூலையைப் பிளேடால் கீறி, பஞ்சுக்குள் முனையைச் செருகினாள். கையை விரித்துக் காட்டினாள், ஒன்றுமில்லை. அந்த ஆள் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த அம்மா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்தில் நின்றிருந்தது.

லெஃப்ட்டு அந்த மூலையைத் தன் வாயில் வைத்தாள்.

"ஏய், வேணாம்டி" என்று நான் கையைப் பிடித்தேன். அவள் தள்ளிவிட்டாள். பிள்ளையைப் போலவே சப்பினாள், கண்களை அந்த அம்மாவின் முகத்தைவிட்டு எடுக்காமல். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பிறகு வாயிலிருந்து எடுத்து, அந்தப் பிள்ளை கையிலிருந்த மூலையை விரலால் காட்டினாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். போன் சரிந்து விழுந்தது. எங்களுக்குத் தெரிந்தது வெள்ளைக் கூரை மட்டும். யாரோ ஓடினார்கள். ஆண் குரல் ஏதோ கேட்டது. துணியை இழுக்கும் சத்தம் வந்தது, அடுத்த நிமிஷம் பிள்ளை வீறிட்டது. போர்வையைப் பிடுங்கிவிட்டார்கள். அது மூச்சு வாங்கி மூச்சு வாங்கி அழுதது, அடித்தொண்டையிலிருந்து, எங்கேயும் எதுவும் சிக்காமல், வாய் நிறைய.

நான் போனை நிறுத்தக் கையை நீட்டினேன். லெஃப்ட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "அழட்டும். நல்லா அழட்டும்."

லைன் அறுகிறவரை இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.